ஒரே வெடிப்பில் எடுத்த நத்தைகள்

காவேரி முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் இருபது வயது. காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் தாண்டிக் கடல் வந்துவிடும். அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் பெரிய காஞ்சிபுரத்தில் அவள் வீட்டில் தறி நின்றால் கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ நிற்கும். கடல் பார்க்கவென்று யாரும் நிறுத்தியதில்லை.

கல்லூரியில் விலங்கியல் மாணவர்களை மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்கு அழைத்துப் போனார்கள். நாங்கள் எல்லோரும் அலையில் கால் நனைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் ஒரு பாறைமேல் குந்திக்கொண்டு, சுண்டுவிரல் நகம் அளவிருந்த ஒரு கருப்பு நத்தை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்.

“எஸ்தரு, அது எங்கடி போகும்?”

“எது?”

“அந்த நத்தைதான். பாறை முடிஞ்சிட்டா அப்புறம் எங்க போகும்?”

“எங்கயும் போகாது. தூங்கு.”

தூக்கக் கலக்கத்தில் சொன்ன பதில். அது சரியான பதில் என்று பிறகு இருவருமே படித்துத் தெரிந்துகொண்டோம். அந்த ஒரு பதிலைச் சுற்றித்தான் அவள் மிச்ச வாழ்க்கை போனது.

அவள் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. இரண்டாவது அறுவைச் சிகிச்சையிலிருந்து அவள் கண் விழிக்கவில்லை. அவளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பாவம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அவளை நினைக்கும்போது அந்த வார்த்தை வருவதில்லை.

கடலில் வாழும் பெரும்பாலான சிறு பிராணிகளின் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்து போகும். நீரோட்டம் கொண்டுபோய் விடுகிற கரையில் ஒட்டிக்கொள்ளும். இந்த நத்தை அப்படியில்லை. முட்டைகளைச் சின்னச் சின்னப் பைகளாகப் பாறையில் ஒட்டி வைக்கும். குஞ்சு ஓட்டோடு, காலோடு, முழு நத்தையாகவே வெளியே வரும். பிறந்த இடத்திலிருந்து ஒரு முழம், இரண்டு முழம் நகரும். அங்கேயே முட்டை வைக்கும், அங்கேயே சாகும். அடுத்த பாறைக்கும் இதற்கும் நடுவில் மணல் இருந்தால் அது வேறு நாடு.

ஆகவே ஒவ்வொரு பாறையின் நத்தைகளும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஒரு தனி ஊர். அந்த ஊருக்குள் மரபணுவில் எத்தனை வகை இருக்கிறதோ அதுதான் அவர்கள் கைமுதல். கடல் சூடானாலும் புது நோய் வந்தாலும், பல வகை இருந்தால் சில தப்பிக்கும். எல்லாம் ஒரே வகையாக இருந்தால் மொத்தமும் போகும். காலம் போகப்போக அந்த வகைகள் நிலைத்து நிற்கின்றனவா, தேய்ந்துபோகின்றனவா? இதைத்தான் காவேரி தெரிந்துகொள்ள விரும்பினாள். அதற்குப் பழைய நத்தை வேண்டும், புதிய நத்தையும் வேண்டும்.

பழைய நத்தை அவளிடம் இருந்தது. முதுகலை இரண்டாம் ஆண்டில், சுனாமி வந்து ஆறேழு வருடம் கழிந்த நிலையில், அந்தக் குப்பத்துப் பாறையில் அவள் ஒரு ஜாடி நிறைய நத்தை எடுத்து ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருந்தாள். படிப்பு முடிந்ததும் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகப் போனாள். ஆனாலும் வருடத்துக்கு ஒரு முறை கல்லூரிக்கு வந்து, அலமாரியைத் திறக்கச் சொல்லி, அந்த ஜாடியில் குறைந்த ஸ்பிரிட்டை ஊற்றி நிரப்பிவிட்டு, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கிவிட்டுப் போவாள். ஆய்வுக்கூட உதவியாளர்கள் அதற்கு “காவேரி மேடம் ஊறுகா” என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, “நல்லா ஊறட்டும்பா, கெட்டுப்போகாம பாத்துக்கோங்க” என்பாள்.

பள்ளி வேலையை விட்டுவிட்டு அவள் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்தபோது பேராசிரியர் வேல்முருகன் அந்த ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பழைய சாம்பிள் கிடைக்கறதெல்லாம் லாட்டரிம்மா. இதை வெச்சே நீ டாக்டர் ஆயிடலாம்.” நான் அப்போது அதே துறையில் ஆய்வுக்கூடப் பணியாளர். மரபணுவைப் பிரித்தெடுக்கும் வேலை என்னுடையது. இப்படி மறுபடி ஒரே இடத்தில் சேர்ந்தோம்.

புதிய நத்தைகளை அவள் பாறை முழுக்கச் சுற்றிப் பொறுக்கினாள். முடிவு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய ஜாடியில் நான்கே வகை. புதியதில் பதினொன்று.

பேராசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். சுனாமி வந்து பாறையைத் துடைத்துப் போட்டிருக்கிறது என்றார். தப்பித்த சில நத்தைகளிலிருந்து ஊர் மறுபடி நிறைந்தது. இப்போது முன்னைவிடச் செழிப்பாக இருக்கிறது. கேட்கவே சந்தோஷமான கதை. கட்டுரை எழுதும் வேலை அன்றே தொடங்கியது. துறையில் எல்லோருக்கும் சமோசா வந்தது.

காவேரி சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எஸ்தரு, ஒண்ணு இடிக்குதுடி.”

“இன்னாடி இடிக்குது? நல்லாத்தானே வந்திருக்குது.”

“நாலு வகை பதினொண்ணா ஆயிருக்குது, அதுலயும் பழைய நாலுல மூணுதான் இருக்குதுன்னா மிச்சம் எட்டும் எங்கேருந்து வந்தது? இது எங்கயும் போகாத நத்தை. வெளியேருந்து எதுவும் வரவும் வராது. தானா புதுசா உண்டாகணும்னா ஆயிரக்கணக்கான வருஷம் வேணும்.”

“படகுல ஒட்டிக்கினு வந்திருக்கும்.”

“எட்டு வகையும் டிக்கெட் எடுத்துக்கினு வந்துச்சா?”

சமோசாவை என் தட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் சாப்பிடாமல் போனால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு என்னைப் பாடாய்ப் படுத்தினாள். நான் பிரித்த மரபணுவில் தவறு இருக்கிறதா என்று திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னாள். ஸ்பிரிட் பழசானதால் கெட்டிருக்குமா என்று பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. நான்கு நான்குதான், பதினொன்று பதினொன்றுதான்.

விடை கிடைத்தது சாயப்பட்டறையில்.

அவள் அப்பா கலியாணசுந்தரம் ஒரு கல்யாணப் புடவைக்கு அரக்கு நிறத்தில் சாயம் போடப் பட்டு நூல் கொடுத்திருந்தார். சாயம் போட்ட நூலை வாங்கிவர காவேரி கிளம்பினாள். அவளுக்கு மூச்சு வாங்கும் என்பதால் என் ஸ்கூட்டரில் நானே கொண்டுபோய் விட்டேன். பட்டறை வைத்திருந்தவர் தர்மன். நூல் கழிகளை மூங்கிலில் உலர்த்திக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

“ஒரு கழி கம்மியா பூடுச்சும்மா. நாளைக்கு இன்னொரு தொட்டி போடறேன், அதுலேருந்து ஒண்ணு தர்றேன். அதே சாயம், அதே அடுப்பு. எந்தக் கண்ணும் கண்டுபுடிக்காது.”

“எங்கப்பா கண்ணு கண்டுபுடிக்கும்ணா.”

“அது கண்ணா? மைக்ராஸ்கோப்பாச்சே!”

“ரெண்டு தொட்டி நூலு ஒரு புடவையில ஏத்தமாட்டாரு. புடவை உடம்புல ஒரு எடம் வெளுத்து நிக்கும். பொண்ணு வீட்டுக்காரங்க புடவையைத் தூக்கி மூஞ்சில வீசுவாங்க.”

“அப்ப இன்னா பண்ணச் சொல்ற?”

“எல்லாத்தையும் சேர்த்து மறுபடி ஒரே தொட்டியில முக்கிக் குடு. எதுவா இருந்தாலும் ஒரே எடத்துலேருந்து...”

அதோடு நிறுத்திவிட்டாள். நெஞ்சுவலியோ என்று நான் பயந்துபோய்க் கையைப் பிடித்தேன். சாயத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த படியிலேயே உட்கார்ந்தாள். சுடிதார் அரக்காகிக்கொண்டிருந்தது.

“எஸ்தரு,” என்றாள், “அன்னிக்கு எல்லா நத்தையும் நான் ஒரே வெடிப்புல எடுத்தேன்டி.”

தறி வீட்டில் வளர்ந்தவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்பாவுக்கு நூலைத் தாரில் சுற்றிக் கொடுத்தவள். ஒரு புடவைக்கு வேண்டிய நூல் முழுவதும் ஒரே தொட்டியிலிருந்து வரவேண்டும், இரண்டு கலந்தால் வேலை கெட்டது என்பது அவள் கையிலேயே ஊறியிருந்தது. பாறையில் அன்று அந்தக் கைதான் நத்தை பொறுக்கியது. வேறு வேறு இடத்தில் எடுத்தால் கலந்துவிடும், ஒன்றுக்கொன்று சேராது என்று ஒரே வெடிப்பில் உட்கார்ந்து ஜாடியை நிரப்பியிருக்கிறாள். ஒரு முழத்துக்கு மேல் நகராத நத்தை. அந்த வெடிப்பில் இருந்ததெல்லாம் அக்கா தங்கை, சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை. ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டு ஊரே அவ்வளவுதான் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருக்கிறோம். ஊர் வளரவே இல்லை. முதல் முறை ஒரு வீட்டை எண்ணினோம், இரண்டாம் முறை ஊரை எண்ணினோம்.

தர்மன் பதறிப்போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். “ஒரு கழிக்காம்மா இவ்ளோ வெசனம்? இப்பவே தொட்டி போடறேன், எழுந்திரு!”

மறுநாள் அவள் பேராசிரியரிடம் சொன்னபோது நானும் அறையில் இருந்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எப்படி எடுத்தேன்னு நான் கேட்டிருக்கணும். ஜாடியைப் பார்த்த சந்தோஷத்துல கேட்கலை,” என்றார். பிறகு, “கட்டுரையை நிறுத்திடலாம். ஆனா தீசிஸ்? உனக்குக் குடுத்த நீட்டிப்பு இந்த வருஷத்தோட முடியுது. இனிமே குடுக்கமாட்டாங்க. இந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துடு. மிச்சத்தைச் சமர்ப்பிச்சுட்டு பட்டத்தை வாங்கு. அதுல ஒரு பொய்யும் இல்லை.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வேலையை விட்டு, அப்பாவின் சம்பாத்தியத்தில் படிக்கிற பெண். உடம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று டாக்டருக்கே தெரியவில்லை. அந்தப் பட்டம் ஒன்றுதான் அவள் வேண்டும் என்று சொன்னது.

காவேரி அலமாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “ஜாடி அங்கயே இருக்கும் சார். நாளைக்கு வேற யாராவது தொறப்பாங்க. நான் போட்ட அதே கணக்கைப் போட்டு, நத்தைக்கு ஒண்ணும் ஆகலைன்னு எழுதுவாங்க.”

“அதுக்காக? பழைய காலத்துக்குப் போய் மத்த வெடிப்புலயும் எடுத்துக்கினு வரப்போறியா?” என்றேன் நான்.

“அது முடியாதுடி. ஆனா அந்த வெடிப்பு அங்கதானே இருக்குது? அதே வெடிப்புல இன்னிக்கு எடுப்போம். வீட்டை வீட்டோட வெச்சுப் பாப்போம்.”

அவ்வளவு எளிய யோசனை. எங்களில் வேறு யாருக்கும் வரவில்லை.

வீட்டில் அவள் அப்பாவிடம் சொன்ன அன்று நான் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் நெய்வதை நிறுத்தவில்லை.

“உன்னாலதான்பா. எல்லாம் ஒரே எடத்துலேருந்து எடுக்கணும்னு சொல்லிச் சொல்லி வளத்த.”

“நான் புடவைக்குச் சொன்னேன். நீ இன்னா, நத்தைக்குப் புடவை நெய்யப்போறியா?”

“பட்டம் கெடைக்காம போனாலும் போகும்பா.”

அவர் மிதிபலகையிலிருந்து காலை எடுத்தார். தறி நின்றது.

“ரெண்டு தொட்டி நூலுன்னு தெரிஞ்சே நெய்ஞ்சு வித்துட்டேன்னு வெச்சுக்கோ. வாங்கினவனுக்குத் தெரியாது. நான் அந்தத் தெருவுல எப்படி நடப்பேன்?” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அவளைப் பாறை மேல ஏறவுடாதம்மா. கீழயே ஒக்கார வையி,” என்று சொல்லிவிட்டு மறுபடி தறி நாடாவைத் தட்டினார்.

கீழே உட்காருகிறவளா அவள்? கடல் தண்ணீர் நன்றாக வற்றும் நாள் பார்த்துப் போனோம். பத்து அடிக்கு ஒரு முறை நின்று, நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டுவிட்டு, பிறகு நடந்தாள். நிற்கும் நேரத்தை வீணாக்காமல் பக்கத்தில் இருந்த பாறையைப் பார்த்து ஏதாவது சொல்வாள். பாறையில் ஆளிச்சிப்பி பேர்த்துக்கொண்டிருந்த பட்டம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அறுபது வயதிருக்கும், ஒவ்வொரு முறையும் எங்களைக் கிண்டல் செய்யாமல் விடமாட்டாள்.

“காஞ்சிபுரத்து மகாராணிங்க வந்துட்டாங்கடா! பட்டு வித்து முடிச்சாச்சு, இப்ப நத்தை!”

“உனக்கு வேணா சொல்லுக்கா, நத்தைக்கலர்ல ஒரு புடவை நெய்யச் சொல்றேன்,” என்றாள் காவேரி.

“கட்டிக்கினு நான் எங்க போவேன், இந்தப் பாறைக்கா? சரி, இன்னா தேடற?”

“வடக்கால ஒரு வெடிப்பு இருக்கும்க்கா. குடை மாதிரி மேல ஒரு பாறை வந்து நிழல் குடுக்கும். படகு கட்டற இரும்பு வளையம் ஒண்ணு பக்கத்துலயே.”

“வளையம் துருப்புடிச்சு எப்பவோ வுழுந்துடுச்சு. வெடிப்பு இருக்குது, பாதி. அந்தப் பக்கம் கல்லைக் கொட்டி சுவர் போட்டாங்க இல்ல, அப்புறம் மண்ணு ஏறிப்போச்சு. வா காட்டறேன்.”

அந்த வெடிப்பின் கீழ்ப்பாதி மணலுக்குள் போயிருந்தது. மேல்பாதியில் நத்தைகள் இருந்தன. காவேரி வெயில் படாமல் அந்தக் குடைப்பாறைக்குக் கீழே உட்கார்ந்தாள். கல்லூரி நாளில் உட்கார்ந்த அதே இடம். அன்று நிழலுக்காகத்தான் இங்கே உட்கார்ந்தேன் போலிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்த வெடிப்போடு அவள் விடவில்லை. பாறையில் இருந்த வெடிப்பு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எடுத்துத் தனித்தனிப் புட்டியில் போட்டாள். நம்பர் போட்டால் குழம்பும் என்று தனக்குத் தெரிந்தவர்களின் பெயரை வைத்தாள். அகலமாக, எல்லோருக்கும் இடம் கொடுத்த வெடிப்பு பக்கத்து வீட்டு தில்லையம்மாள். நிறைய இருப்பதுபோலத் தெரிந்து, கை விட்டால் கொஞ்சமே இருந்தது தர்மன். அந்த முதல் வெடிப்பு மட்டும் ‘அப்பா’.

முடிவுகள் வந்தபோது யாரும் சமோசா வாங்கவில்லை. ஒவ்வொரு வெடிப்பிலும் இரண்டு வகை, மூன்று வகை, நான்கு வகை என்றுதான் இருந்தன. பாறை முழுக்கச் சேர்த்தால் பதினொன்று. அவள் சாயப்பட்டறைப் படியில் உட்கார்ந்து சொன்னது அப்படியே உண்மை. ‘அப்பா’ வெடிப்பில் முன்பு இருந்த நான்கு வகையில் இப்போது இரண்டுதான் இருந்தன. காணாமல் போனதில் ஒன்று தில்லையம்மாளில் இருந்தது. மற்றொன்று பாறையில் எங்கும் இல்லை.

“ஒண்ணாவது தில்லையம்மா வூட்ல பொழைச்சுக் கெடக்குதே,” என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு நிஜமாகவே ஆறுதலாக இருந்தது.

கெடுவின் கடைசி வாரம் வரை எழுதிச் சமர்ப்பித்தாள். முதல் ஜாடியைத் தான் எப்படித் தவறாக எடுத்தாள், ஏன் எடுத்தாள், அதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது அந்த அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இருந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை அதைத்தான் முதலில் கேட்டார்.

“இந்தத் தப்பை அடிக்குறிப்புல ஒரு வரியா சொல்லியிருக்கலாமே. ஏன் இவ்வளவு விரிவா?”

பின்வரிசையில் பேராசிரியர் வேல்முருகன் என் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். காவேரி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்.

“எனக்கு ஏன் அந்தத் தப்பு வந்ததுன்னு எனக்குத் தெரியும் மேடம். சாயப்பட்டறை இல்லாத ஊர்லேருந்து வர்றவங்களுக்கும் வேற ஏதாவது பழக்கத்தால அதே தப்பு வரும். அவங்க அடிக்குறிப்பு படிக்கமாட்டாங்க.”

அந்தப் பேராசிரியை எழுந்து கை கொடுத்தார். பட்டம் கிடைத்தது. கலியாணசுந்தரம் தெருவில் சிலருக்கு மைசூர்பாகு கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம், “பொண்ணு நத்தை டாக்டர் ஆயிட்டா,” என்றார். அதனால் அவளைக் கால்நடை மருத்துவர் என்று நம்பி, இருமுகிற ஆட்டை ஒருவர் வாசலுக்கு ஓட்டி வந்துவிட்டார். காவேரி அதைத் திருப்பி அனுப்பவில்லை. தண்ணீர் வைத்து, தெரிந்த கால்நடை மருத்துவருக்கு ஆள் அனுப்பினாள்.

போன வாரம் தண்ணீர் வற்றும் நாள். வருடத்துக்கு ஒரு முறை அந்த வெடிப்புகளில் எடுக்க வேண்டும் என்று அவள் ஏற்பாடு. பேராசிரியர் என்னைப் பார்த்தார், நான் கிளம்பினேன். பட்டம்மாள் சிப்பி பேர்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒத்தையா வந்திருக்க? எங்க அந்தப் பொண்ணு, நின்னு நின்னு நடக்குமே?”

சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“எந்த எந்த எடம்னு சொல்லு. எல்லாம் ஒண்ணாப் போட்டுடாத. அந்தப் பொண்ணு கலக்கக்கூடாதுன்னு சொல்லும்.”

‘அப்பா’வில் மணல் இன்னும் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. மேலே நத்தைகள் இருந்தன. வெடிப்பின் ஓரத்தில், குடைப்பாறையின் நிழலில், முட்டைப் பைகள் புதிதாக ஒட்டியிருந்தன. அதில் கை படாமல், வேண்டிய அளவு மட்டும் எடுத்து, புட்டியில் பெயரை எழுதி மூடினேன். பிறகு தில்லையம்மாளுக்குப் போனோம்.